குப்பனூர் சாலையோரத்தில் ஒரு தாங்குசுவர்: சரிவும் மறுகட்டும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏற இரண்டு வழிகள் உண்டு. 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பிரதான மலைப்பாதையைச் சுற்றுலா வருகிறவர்கள் எல்லாரும் அறிவார்கள். மற்றது குப்பனூர் வழியாக, கொட்டச்சேட்டைத் தொட்டுக்கொண்டு போகும் சாலை. பிரதான பாதையில் மண் சரிந்து போக்குவரத்தை நிறுத்தும் நாட்களில் மட்டும் அதில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். மற்ற நாட்களில் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவே தேநீர் போட்டுக் குடித்து முடித்துவிடலாம். அந்தச் சாலையின் பள்ளத்துப் பக்கம், சாலை மட்டத்திலிருந்து ஏறத்தாழ 10 மீட்டர் கீழே, பழைய காப்பித் தோட்டத்தின் ஒரு துண்டு நிலத்தில் எங்கள் வீடு இருக்கிறது. 2019இல் வாங்கினோம். இரவில் சில்வர் ஓக் மரங்களின் இடைவெளியில் சேலத்து விளக்குகள் தெரியும். அவ்வளவு பக்கத்தில் பெருநகரம் இருந்தும், ஒரு யூனிட் (100 கன அடி) ஜல்லி வேண்டும் என்று கேட்டால் ‘அந்த ரோட்டுக்கு வண்டி வராதுங்க’ என்ற பதில்தான் முதலில் வரும். இந்தப் பதிவில் சொல்லப்போகும் வேலை இவ்வளவு நாள் இழுத்ததற்குப் பாதிக் காரணம் அதுதான்.

வீட்டின் பின்புறம் 9 மீட்டர் நீளத்துக்கு ஒரு தாங்குசுவர் இருந்தது. உயரம் 2 மீட்டர். சுவருக்கு மேலே காப்பிச் செடிகள் நிற்கும் ஒரு படி, அதற்கு மேலே சரிவு, அதற்கும் மேலே சாலை. முன்பிருந்த உரிமையாளர், சமவெளியிலிருந்து வந்த ஓர் ஒப்பந்தக்காரரைக் கொண்டு கருங்கல்லும் சிமெண்டுக் கலவையும் வைத்து அதைக் கட்டியிருந்தார். பார்வைக்கு உறுதியான சுவர். முகப்பில் ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக, தண்ணீர் வடிய வேண்டிய பிவிசி குழாய்களின் வாய்களும் தெரிந்தன. ஐந்து மழைக்காலங்களில் அந்த வாய்களிலிருந்து ஒரு சொட்டுக்கூட வடிந்து நான் பார்த்ததில்லை என்பதை ஒரு நற்செய்தியாகவே எடுத்துக்கொண்டிருந்தேன். சுவருக்குப் பின்னால் தண்ணீரே சேரவில்லை என்று நினைத்தது என் அறியாமை.

2022இல் சுவரின் நடுப்பகுதியில் படிக்கட்டுப் போல ஏறும் ஒரு விரிசலைக் கண்டேன். விரிசலுக்குக் குறுக்கே பென்சிலால் இரண்டு கோடுகள் போட்டு, அவற்றின் இடைவெளியை மாதம் ஒருமுறை அளந்து சுவரிலேயே தேதியோடு எழுதிவைத்தேன். வெயில் காலத்தில் அளவு அசையாது. ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் 2 அல்லது 3 மில்லிமீட்டர் கூடும். மழை நின்ற பிறகு பழைய நிலைக்குத் திரும்பாது. அந்தக் கணக்கை ஒழுங்காக எழுதிவைத்தவன் அதைப் படித்துப் பார்க்கவில்லை. மழைக்கு மட்டும் நகரும் சுவர் மண்ணின் பாரத்தால் நகரவில்லை, தண்ணீரால் நகர்கிறது என்பது அந்தப் பென்சில் எண்களிலேயே இருந்தது.

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தது. அதன் மிச்சம் உள்நாட்டில் நகர்ந்து வந்தபோது ஏற்காட்டில் ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்தது. டிசம்பர் 2ஆம் தேதி விடியற்காலையில், வீட்டுக்குப் பின்னால் லாரியிலிருந்து கல் கொட்டுவது போன்ற ஒரு சத்தம் கேட்டது. விளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால், 9 மீட்டரில் 6 மீட்டர் சுவர் முன்பக்கமாகக் கவிழ்ந்து கிடந்தது. அதற்குப் பின்னால் செம்மண் குழம்பாக வழிந்து சமையலறைச் சுவரைத் தொட்டு நின்றது. மிஞ்சியிருந்த 3 மீட்டரும் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்று காலை முதலில் தோன்றியது, சமையலறையை ஒட்டிக் கிடந்த மண்ணை வாரி வெளியே கொட்ட வேண்டும் என்பதுதான். நல்லவேளையாக, எங்களுக்கு மேலே இரண்டு வளைவு தள்ளிக் குடியிருக்கும், ஆயுளின் பெரும்பகுதியைத் தோட்டங்களில் கல் அடுக்கிக் கழித்த மலையாளிப் பெரியவர் ஒருவர் பார்க்க வந்தார். சேர்வராயன் மலையின் பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர், கேரளத்தோடு சம்பந்தமில்லை. “இத இப்ப தொடாதீங்க சார். விழுந்த மண்ணுதான் இப்ப மேல நிக்கிற மண்ணுக்குக் காலு” என்றார். ஆகவே விழுந்ததை விழுந்த இடத்திலேயே விட்டு, மேல்படியில் திறந்திருந்த வெடிப்புகளைக் களிமண் திணித்து மூடி, சரிவு முழுவதையும் தார்ப்பாயால் போர்த்தி, ஓரங்களில் மணல் மூட்டைகளை வைத்தோம். தை பிறக்கும் வரை அந்த நிலையிலேயே இருந்தது.

ஜனவரி நடுவில் மண் இறுகிய பிறகு இடிபாட்டைப் பிரித்தபோது முதல் உண்மை வெளியே வந்தது. முகப்பில் தெரிந்த பிவிசி குழாய்கள் எல்லாம் ஒரு சாண் நீளத் துண்டுகள். சுவரின் மறுபக்கம் வரை ஒன்றுகூடப் போகவில்லை. உள்முனைகள் கலவையால் அடைபட்டிருந்தன. படத்தில் கண் வரைவது போல, பார்க்கிறவர் திருப்திக்காகப் பதித்தவை. சுவருக்குப் பின்னால் ஜல்லியும் இல்லை. வெட்டிய மண்ணையே திரும்பப் போட்டு மிதித்திருந்தார்கள்.

ஓய்வுபெற்ற பொறியாளரான என் சித்தப்பாவிடம் தொலைபேசியில் கேட்டு ஒரு சிறு கணக்குப் போட்டேன். 2 மீட்டர் உயரத்துக்கு, உலர்ந்த மண் சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் ஏறத்தாழ 1.2 டன் விசையோடு முன்னே தள்ளும். அதே மண் மேல்வரை தண்ணீரில் ஊறி நின்றால் தண்ணீர் மட்டுமே ஏறத்தாழ 2 டன் தள்ளும். ஊறிய மண்ணின் பங்கையும் சேர்த்தால் 2.5 டன். அடியில் 75 சென்டிமீட்டரும் உச்சியில் 45 சென்டிமீட்டரும் அகலம் இருந்த அந்தச் சுவர் முதல் பாரத்தைத் தாங்கும், இரண்டாவதைத் தாங்காது. தண்ணீரின் தள்ளுவிசை உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறுவதால், மட்டம் பாதியாகக் குறைந்தாலே அதன் தள்ளல் நான்கில் ஒரு பங்காகிவிடும். எனவே சுவரைத் தடிமனாக்குவதைவிடத் தண்ணீரை அங்கே நிற்கவிடாமல் செய்வதே மலிவான வழி என்று முடிவு செய்தோம்.

அப்படியானால் தண்ணீர் எங்கிருந்து வந்தது? மழை சுவருக்கு மேல் விழுந்த அளவுக்கு மட்டுமானால் அந்தச் சிறிய படி இவ்வளவு ஊறியிருக்காது. ஏறிப் போய்ப் பார்த்தேன். மலைச்சாலையில் மழைநீர், மலைப்பக்கத்து ஓரவாய்க்காலில் ஓடி, குறிப்பிட்ட இடங்களில் சாலைக்கு அடியிலுள்ள சிறுபாலம் வழியாகப் பள்ளத்துப் பக்கம் இறங்கி ஓடையில் சேர வேண்டும். அந்தச் சிறுபாலத்தைக் கல்வெர்ட் என்பார்கள். எங்கள் பகுதியில் சிலர் வாய்க்கு வசதியாகக் கல்வெட்டு என்றே சொல்லிவிடுவதால், புதிதாக வந்தவர்கள் ஏதோ சோழர் காலத்து எழுத்து இருக்கிறது என்று எண்ணிக்கொள்வதுண்டு. எங்கள் வீட்டுக்கு 60 மீட்டர் முன்னால் இருந்த கல்வெர்ட்டின் வாய், சில்வர் ஓக் சருகாலும் அந்தச் சருகில் சிக்கிய தண்ணீர்ப் பாட்டில்களாலும் முழுவதும் அடைந்திருந்தது. ஆகவே வாய்க்கால் நிரம்பி, தண்ணீர் தார்ச்சாலையைக் குறுக்கே கடந்து, நேராக எங்கள் சரிவில் இறங்கியிருக்கிறது.

அதோடு முடிந்தபாடில்லை. சரிவில் இறங்கிய தண்ணீர் மேலோட்டமாக ஓடியிருந்தால் சுவர் உச்சியைத் தாண்டி முற்றத்தில்தான் விழுந்திருக்கும். அது உள்ளே புகுந்த இடத்தைத் தேடும்போது, மேல்படியின் ஓரத்தில், பல ஆண்டுகளுக்கு முன் வெட்டிய ஒரு சில்வர் ஓக்கின் மட்கிய அடிக்கட்டை தென்பட்டது. கடப்பாரையை வைத்தால் முழங்கை நீளத்துக்கு வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. இரண்டு குடம் தண்ணீரில் சொட்டு நீலத்தை நன்றாகக் கலந்து அதில் ஊற்றிவிட்டு, கீழே வந்து காத்திருந்தோம். இருபது நிமிடத்தில், சுவர் நின்ற இடத்தின் அடிமட்டத்தில், செம்மண்ணுக்கு நடுவே கத்தரிப்பூ நிறத்தில் ஒரு ஈரம் கசிந்தது. மரத்தின் வேர்கள் மட்கி, அவற்றின் பட்டை மட்டும் குழாய்போல மிஞ்சி, மேல்படியின் தண்ணீரையெல்லாம் சுவரின் முதுகுக்கே கொண்டுவந்து சேர்த்திருக்கின்றன. சரிவுக்கு மேலே மரம் வெட்டுகிறவர்கள் வேர் மண்ணைப் பிடிப்பது நின்றுபோகும் என்று மட்டுமே நினைப்பார்கள். சில ஆண்டுகள் கழித்து அதே வேர் வாய்க்காலாகும் என்பதை நான் இந்த நீலக் கறையில்தான் கற்றுக்கொண்டேன்.

வேலையை மேலிருந்து கீழாகச் செய்தோம். முதலில் கல்வெர்ட். சாலையும் வாய்க்காலும் அரசுக்குச் சொந்தம் என்பதால் அதன் அமைப்பில் கை வைக்கவில்லை. அந்த வளைவில் குடியிருக்கும் மூன்று குடும்பங்களும் மண்வெட்டியோடு போய் அடைப்பை மட்டும் எடுத்தோம். பதினொரு சாக்குச் சருகு, நான்கு சாக்குப் பாட்டில். வாயில் கம்பிவலை வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார்; வலையில் சருகு ஒட்டினால் ஒரே மழையில் மூடியாகிவிடும் என்பதால் வேண்டாம் என்றோம். எங்கள் வீட்டுக்கு இறங்கும் பாதையின் தலைப்பில், வேகத்தடையைப் போல ஒரு சாண் உயரத்துக்குக் கல் திண்டு ஒன்றைச் சாய்வாகப் போட்டோம். சாலையில் தண்ணீர் வழிந்தாலும் அது வீட்டுப் பாதையில் திரும்பாமல் தாண்டிப் போகும்.

அடுத்தது மேல்படி. அடிக்கட்டையைத் தோண்டி எடுத்து, வேர் போன வழிகளில் கைக்கு எட்டிய மட்டும் களிமண்ணைக் கட்டையால் இடித்து அடைத்தோம். படியின் உள்விளிம்பில், 20 மீட்டர் நீளத்துக்குக் கல் பாவிய ஒரு வாய்க்காலை வெட்டி ஓடையோடு சேர்த்தோம். 20 மீட்டருக்கு 40 சென்டிமீட்டர் இறக்கம். அதைவிடக் குறைத்தால் சருகு தங்கும், கூட்டினால் தண்ணீர் வேகமெடுத்துத் தரையை அரிக்கும். மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய டியூப்பே போதும். காற்றுக் குமிழி ஒன்றுகூடக் குழாயில் இருக்கக் கூடாது. இருந்ததைக் கவனிக்காமல் முதல் நாள் அரை நாள் வேலையைத் தலைகீழ் இறக்கத்தில் வெட்டினோம்.

புதுச் சுவரைக் கான்கிரீட்டில் போட ஒருவர் 2,60,000 ரூபாய் கேட்டார். கலவை வண்டி இந்தச் சாலையில் திரும்ப இடமில்லை என்பதால் எல்லாவற்றையும் ஆள் சுமந்தே இறக்க வேண்டும் என்றார். பெரியவர் சிமெண்டே இல்லாத கல் கட்டுச் சுவரைச் சொன்னார். ஏற்காட்டின் காப்பித் தோட்டங்களில் சரிவுகளைப் படி வெட்டித் தாங்குவது இத்தகைய சுவர்களே. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலுள்ள சந்துகள் எல்லாமே வடிகால் என்பதால் போலித் துளைகளுக்கு அங்கே வேலையில்லை. எனக்குச் சற்றுத் தயக்கம் இருந்தது. அவர் அடுக்கிய சுவர்கள் சிலவற்றைக் காட்டினார்; அவற்றில் ஒன்றின் மேல் நின்று குதித்துப் பார்த்தேன். தயக்கம் போய்விட்டது.

அடியில் 1 மீட்டர், உச்சியில் 55 சென்டிமீட்டர் அகலம்; முகப்பு ஓர் அடி உயரத்துக்கு இரண்டு அங்குலம் வீதம் மலைப்பக்கம் சாய வேண்டும். அஸ்திவாரம் தரைக்கு 45 சென்டிமீட்டர் கீழே, சரளை தட்டும் வரை. அதன் தளமும் மலையை நோக்கிச் சற்றே சாய்வு. முழு நீளத்தையும் ஒரே நேரத்தில் திறக்கக் கூடாது என்பதில் பெரியவர் பிடிவாதமாக இருந்தார். 3 மீட்டர் தோண்டி, அடுக்கி, நிரப்பி முடித்த பிறகே அடுத்த 3 மீட்டர். விழுந்த சுவரிலிருந்து கலவையைத் தட்டி எடுத்த கல் பாதிக்கு வந்தது. மீதி மூன்றரை யூனிட்டை விலைக்கு வாங்கினோம். ஒரு நடைக்கு அரை யூனிட்டுக்கு மேல் ஏற்ற மாட்டேன் என்ற சிறு லாரிக்காரர் ஏழு நடை அடித்தார். சாலை ஓரத்தில் கொட்டியதைப் பலகைச் சரிவு போட்டுக் கீழே உருட்டாமல், ஒவ்வொன்றாகச் சாக்கில் சுற்றித் தூக்கி இறக்கினோம். உருட்டினால் நிற்கும் இடம் நம் கையில் இல்லை.

பெரியவர் ஒவ்வொரு பெரிய கல்லையும் வைப்பதற்கு முன் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிக் காதைச் சாய்ப்பார். இந்த மலையின் சார்னோக்கைட் கருங்கல், நன்றாக இருந்தால் வெண்கலம் போலக் கணீர் என்று ஒலிக்கும். உள்ளே கீறல் இருந்தால் ஒலி அமுங்கிவிடும். “சத்தம் செத்துப்போச்சு, இத உள்ள போடு” என்பார். அந்தக் கல் முகப்புக்கு வராமல் நடுவே நிரப்புக்கல்லாகும். முகப்புக் கல்லின் நீண்ட பக்கம் சுவரின் உள்ளே போக வேண்டும்; நான் அடுக்கிய வரிசையில், அழகாகத் தெரியட்டும் என்று நீண்ட பக்கத்தை முகப்பில் வைத்திருந்தேன். கீழ்வரிசைச் சந்தின் மேலேயே மேல்வரிசைச் சந்தும் இரண்டு இடங்களில் விழுந்திருந்தது. மாலையில் வந்து பார்த்தவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் நான் வருவதற்குள் ஐந்து அடி நீளத்தைப் பிரித்துத் தரையில் பரப்பி வைத்திருந்தார். அதற்குப் பிறகு கல்லைத் தேர்ந்து கொடுப்பதோடு நிறுத்திக்கொண்டேன். சதுர மீட்டருக்கு ஒன்றாவது சுவரின் முன்னிருந்து பின்வரை நீளும் கல் இருக்க வேண்டும். அத்தகைய நீளக் கற்களை முதல் நாளே தனியாக ஒதுக்கி வைப்பது நல்லது, இல்லையென்றால் உச்சிக்கு வரும்போது தீர்ந்துபோகும். எங்களுக்குத் தீர்ந்தது; இரண்டை அடுத்த தோட்டத்தில் இரவல் வாங்கினோம்.

சுவருக்குப் பின்னால் 30 சென்டிமீட்டர் அகலத்துக்கு 40 மி.மீ. ஜல்லி. ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே ஜியோ டெக்ஸ்டைல் துணி. அது தண்ணீரை விடும், மண்ணை விடாது. துணி இல்லாமல் ஜல்லி மட்டும் போட்டால் சில மழைக்காலங்களில் மண் புகுந்து ஜல்லியும் மண்ணாகிவிடும். அடியில், மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் இறக்கத்தில், துளையிட்ட 4 அங்குல பிவிசி குழாய். துளைகள் மேலே பார்த்திருந்தால்தான் தண்ணீர் உள்ளே விழும் என்று எண்ணி முதல் நீளத்தை அப்படியே பதித்தேன். தண்ணீர் கீழிருந்து ஏறி வரும்போது துளைகள் கீழ்ப்பக்கம் இருந்தால்தான் மட்டம் உயர்வதற்கு முன்பே குழாய்க்குள் புகும் என்று சித்தப்பா திருத்தினார். ஜல்லியை வாரிவிட்டுத் திருப்பி வைத்தோம். வெளிவாயில் எலி புகாமல் இரும்பு வலை.

உச்சிக் கற்களை வைத்த வாரத்தில் ஒரு காட்டெருமை இரவில் வந்து சுவர் மேலேயே நடந்து போயிற்று. கோடையில் அவை இந்தச் சரிவுகளில் தண்ணீர் தேடி இறங்குவது வழக்கம். காலையில் பார்த்தால் நடுவில் இரண்டு கற்கள் பெயர்ந்து முற்றத்தில் கிடந்தன. முந்தைய நாள் நட்ட வெட்டிவேர் நாற்றுகளில் ஒரு வரிசை முழுவதும் மண்ணோடு அழுந்தியிருந்தது. உச்சிக்கு இருவர் சேர்ந்து தூக்கும் எடையுள்ள கற்களாகவே தேடி மாற்றி வைத்தோம். வெட்டிவேரை ஒரு சாண் இடைவெளியில் மறுபடியும் நட்டோம். அதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் நேராக 3 மீட்டர் வரைகூட இறங்கும் என்பதால் சுவரைத் தள்ளாது. ஓரத்தில் காட்டெருமை இறங்க அகலமாக ஒரு வழியை விட்டிருக்கிறோம். வேலி போடுவதில் பயனில்லை.

ஜனவரி 20இல் தொடங்கி மார்ச் முதல் வாரத்தில் முடிந்தது. பெரியவரும் இரண்டு உதவியாட்களும் வேலை செய்த நாட்கள் 22. கூலி, கல், ஜல்லி, குழாய், துணி எல்லாம் சேர்ந்து 98,000 ரூபாய்க்குள் அடங்கியது. என் உழைப்பையும் பிரித்துப் போட்ட ஐந்து அடியையும் இதில் சேர்க்கவில்லை.

சித்திரையில் பெய்த கோடை மழைகளில் குழாய் வாய் ஈரமானதோடு சரி. ஐப்பசியில்தான் உண்மையான சோதனை வந்தது. ஒரு மாலை வீட்டு மழைமானி 68 மில்லிமீட்டர் காட்டியது. மழை தொடங்கி முக்கால் மணி நேரம் வரை குழாயில் ஒன்றுமில்லை. பிறகு கலங்கலாக ஒரு நூல். கால் மணியில் தெளிந்த தண்ணீராகப் பெருகியது. 10 லிட்டர் வாளி 14 விநாடியில் நிரம்பிற்று. நிமிடத்துக்கு ஏறத்தாழ 43 லிட்டர். முன்பு சுவரின் முதுகில் போய் நின்ற தண்ணீர் இது. பெரியவர் குடையோடு வந்து குழாயைப் பார்க்காமல் சுவரின் முகப்பைக் கையால் தடவிக்கொண்டே ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்தார். மூன்றாவது வரிசையில், பெரிய கற்களின் சந்தில் இறுக்கித் திணித்த ஒரு சிறு சக்கைக்கல் தளர்ந்திருந்தது. சுத்தியல் எடுத்துவரச் சொன்னார்.